புகைந்த துணி

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு முன்விறாந்தையில்தான் எண்ணெய் வண்ண வகுப்பு நடக்கிறது. உருவப்படம் பழக வருகிறவர்களிடம் முதலில் ஒரு பழைய ஓவியத்தைப் பிரதி செய்யச் சொல்வேன். பெரும்பாலும் நெதர்லாந்து ஓவியர் வெர்மீர் 1665 அளவில் வரைந்த ‘முத்துத் தோட்டுப் பெண்’. ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் 44.5க்கு 39 சென்ரிமீற்றர்தான். நேரில் பார்க்காத பிள்ளைகள் அதைச் சுவரளவு ஓவியம் என்றே நினைத்திருப்பார்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் அந்த முத்து. முதலில் வட்டம் போட்டுவிட்டு உள்ளே வெள்ளை பூசுவார்கள். அசலில் அதற்குச் சுற்றுக்கோடே கிடையாது. மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே சட்டைக் கழுத்தின் வெண்மை பட்டு மங்கலாகத் தெரியும் ஒளி, அவ்வளவுதான். காதில் மாட்டும் கொக்கியைக்கூட அவர் வரையவில்லை. பின்னணியும் அப்படியே. கறுப்பு ரியூப்பைப் பிதுக்கிப் பூசிவிட்டால் சுவர் போல நிற்கும், ஆழம் வராது. அங்கே ஒரு காலத்தில் பச்சைத் திரை இருந்ததாகவும், கறுப்புக்கு மேல் பூசிய மெல்லிய பச்சை காலப்போக்கில் மங்கிவிட்டதாகவும் 2020இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

ஆக, பூச்சின் மேல் பூச்சு. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. இங்கேதான் பிள்ளைகளுக்கு அவசரம்.

எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லக் கெட்டியாகிறது. அதனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் மேற்பூச்சு முதலில் இறுகி, பிறகு வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் விலை என்று ஒரு மாணவர் வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயை வண்ணத்தில் கலந்துவிட்டார். தேங்காயெண்ணெய் அப்படி இறுகாது. மூன்று மாதம் கழித்தும் அந்தப் பெண்ணின் கன்னத்தில் விரல் ஒட்டியது!

ஒட்சிசனோடு சேரும்போது வெப்பமும் வரும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், ஆனாலும் கவனிக்கவில்லை. ஒரு கச்சான் காற்றுக் காலத்தில், பலகைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகளைக் கசக்கி ஒரு கடதாசிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் புகை. யாரும் நெருப்புக் குச்சி உரசவில்லை, பக்கத்தில் மின்சார வயரும் இல்லை. கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் கூடிக்கொண்டே போய்த் தானாகப் பற்றத் தொடங்கியிருக்கிறது. நல்லவேளை, தண்ணீர் வாளி அருகில் இருந்தது. அன்று இரவு வீட்டில் எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத முடியாது.

இப்போது எண்ணெய்த் துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுகிறோம். மழை நாளில் தண்ணீர் நிறைத்த பால்மா ரின்னுக்குள் அமிழ்த்தி மூடிவைக்கிறோம். குவிப்பது, கசக்குவது, பொலித்தீன் பையில் கட்டி மூலையில் வைப்பது எல்லாம் நிறுத்தியாயிற்று. வண்ணத்தை இளக்கவும் தூரிகை கழுவவும் பயன்படும் டர்பன்டைன் போத்தலும் திறந்து கிடக்காது. அதன் ஆவி தலையிடியைத் தரும், நெருப்பும் பிடிக்கும். யன்னலை மூடிவிட்டு ஏசிக்குள் இருந்து வரைகிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன். பழைய ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை நஞ்சு. அதைத் தேடி அலைய வேண்டாம், டைட்டேனியம் வெள்ளை போதும். அது கொஞ்சம் மெல்லக் காயும், காயட்டும்.

பிரதியில் வெர்மீரின் கையெழுத்தைப் போடாதீர்கள். பிரதியை யாரும் அசல் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்காகத்தான் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பிரதி செய்கிறவர்கள்கூட அசலின் அளவிலேயே வரைய முடியாது.

அந்தத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது. கையில் ஒட்டிய வண்ணத்தை டர்பன்டைனால் தேய்க்காமல், அதைத் தடவித் துடைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோம்.