கிரானைட்டில் தேடிய எண்ணெய்

1986ஆம் ஆண்டு ஸ்வீடனின் சில்யான் பகுதியில் கிரானைட் பாறையைத் துளைக்கத் தொடங்கினார்கள். தேடியது எண்ணெயும் எரிவாயுவும். கொதிக்கும் பாறைக்குழம்பு இறுகி உருவான கிரானைட்டில் உயிரின் மிச்சம் எதுவும் இருக்காது என்பதால், எண்ணெய் தேடுவோர் வழக்கமாக அதன் பக்கம் போவதில்லை. ஆனால் அங்கே துளையிடச் சொன்னவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வானியற்பியலாளர் தாமஸ் கோல்ட். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி நொறுக்கிய நிலம் அது. அந்த விரிசல்கள் வழியே பூமியின் ஆழத்திலிருந்து மீத்தேன் மேலேறி வந்து தேங்கியிருக்கும் என்று அவர் கணித்தார்.

பெட்ரோலியம் உயிர்களிடமிருந்து வரவில்லை, பூமி உருவானபோதே உள்ளே சிக்கிய கார்பன்தான் அதன் மூலம் என்பது அவருடைய கொள்கை. இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. தனிம அட்டவணையைத் தந்த மெண்டலீவ், ஆழத்தில் இரும்புக் கார்பைடும் நீரும் வினைபுரிந்து எண்ணெய் பிறக்கிறது என்று 1877இல் எழுதினார். 1951இல் சோவியத் நிலவியலாளர் நிக்கொலாய் குத்ரியாவ்த்செவ் இதே திசையில் புதிய வடிவம் ஒன்றை முன்வைத்தார்.

கோல்ட் சாதாரண ஆள் இல்லை. வானொலித் துடிப்புகளை அனுப்பும் பல்சார்கள் உண்மையில் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்று 1968இல் சொன்னார். அது சரியென்று விரைவிலேயே நிரூபணமானது. காது ஒலியை வாங்குவதோடு நிற்காமல், உள்ளிருந்து அதைப் பெருக்கவும் செய்கிறது என்று 1948இல் அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, காதே மெல்லிய ஒலி எழுப்புவதை அளந்து காட்டினார்கள். இப்படிப்பட்டவர் எண்ணெயைப் பற்றிப் பேசும்போது, துறைக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதற்காகத் தள்ளிவிடுவது நியாயமில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் சொன்ன வெகெனரும் வானிலை ஆய்வாளர்தானே! அதே சமயம், பல்சார் விஷயத்தில் ஒருவர் வென்றார் என்பது எண்ணெய்க்குச் சான்றாகாது. மெண்டலீவின் அட்டவணை அவருடைய கார்பைடு கொள்கையைக் காப்பாற்றவில்லை.

பெயரை ஒதுக்கிவிட்டு எண்ணெயையே உற்றுப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் அதைத்தான் செய்தார். இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சைய மூலக்கூறில் நான்கு சிறு வளையங்கள் கைகோத்து ஒரு பெரிய வளையமாக நிற்கும். நடுவில் ஒரு மக்னீசிய அணு. கச்சா எண்ணெயில் டிரைப்ஸ் கண்டதும் இதே வளையம்தான். மக்னீசியம் வெளியேறி, அந்த இடத்தில் வனேடியமோ நிக்கலோ உட்கார்ந்திருந்தது. ஒளியைப் பிடிக்க ஓர் உயிர் கட்டிய கருவி அது. கடும் வெப்பத்தில் சிதைந்துவிடும் என்பதால், எண்ணெய் மிதமான சூட்டில்தான் உருவாகியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கும் அவர் வந்தார்.

இன்று நமக்குத் தெரிந்த கதையும் அதுதான். டைனோசர்களுக்கு இதில் பங்கு இல்லை. கடலிலும் ஏரியிலும் மிதக்கும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் மடிந்து, ஆக்சிஜன் இல்லாத அடித்தளச் சேற்றில் புதைகின்றன. மேலே மேலே படிவுகள் அழுத்த, அந்த உயிர்ப்பொருள் கெரோஜன் என்ற திடப்பொருளாகிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அது உடைந்து எண்ணெயாகிறது. சூடு இன்னும் ஏறினால் எரிவாயுதான் மிஞ்சும்.

கோல்ட் இந்தச் சான்றைப் பார்க்காமல் இல்லை. பூமிக்கு அடியில் ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள், மேலேறி வரும் எண்ணெயைத் தின்று தங்கள் தடயத்தை அதில் கலக்கின்றன என்று பதில் சொன்னார். புத்திசாலித்தனமான பதில். ஆனால் ஒலியனேன் என்ற மூலக்கூறின் முன்னால் அது நிற்கவில்லை. இந்த மூலக்கூறு பூக்கும் தாவரங்களின் பிசின், மெழுகு போன்றவற்றிலிருந்து வருவது. அவை உலகில் பரவிய கிரெட்டேசியஸ் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் உரிய பாறைகளிலிருந்து வரும் எண்ணெய்களில்தான் இது கணிசமாகத் தென்படுகிறது. அதைவிடப் பழைய பாறைகளின் எண்ணெயில் தேடினால் கிடைப்பது அரிது. பூக்கள் எந்தக் காலத்தில் தோன்றின என்பது ஆழத்து நுண்ணுயிருக்கு எப்படித் தெரியும்?

வியட்நாம் கடலில் உள்ள வெள்ளைப் புலி எண்ணெய் வயலையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே எண்ணெய் உண்மையிலேயே கிரானைட்டின் விரிசல்களில்தான் இருக்கிறது. ஆனால் அந்த கிரானைட் மேடாக எழுந்து நிற்க, அதன் பக்கங்களில் பழைய ஏரிச் சேறு இறுகிய பாறைகள் தாழ்வாகச் சாய்ந்திருக்கின்றன. எண்ணெயின் மூலக்கூறுகள் அந்தப் பாறைகளோடு பொருந்துகின்றன. எண்ணெய் தேங்கிய இடம் வேறு, பிறந்த இடம் வேறு.

எண்ணெய், மீத்தேன் போல ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருளான ஹைட்ரோகார்பன் உயிரில்லாமல் உருவாகாது என்று சொல்வதும் தவறுதான். சனியின் டைட்டன் நிலவில் மீத்தேன் ஏரிகளே இருக்கின்றன. அட்லாண்டிக் கடலடியில் 2000இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்ட் சிட்டி வெந்நீர் ஊற்றுகளில், பாறையும் நீரும் வினைபுரிந்து ஹைட்ரஜன் பிறக்கிறது. அங்கே மீத்தேனும் உயிரின் துணையின்றி உருவாகிறது. 2002இல் பளிங்குக்கல், இரும்பு ஆக்சைடு, நீர் ஆகியவற்றைச் சுமார் 1500 டிகிரியில் கடும் அழுத்தத்தில் வைத்து ஹைட்ரோகார்பன்களை ஆய்வகத்திலேயே எடுத்துக் காட்டினார்கள். முடியுமா என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. நாம் எரிக்கும் எண்ணெய் அப்படித்தான் வந்ததா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிப் பேசும் நிபுணரிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன்.

எண்ணெய் நிறுவனங்களின் நிலவியலாளர்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்ற பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. வறண்ட கிணறு ஒன்றுக்குப் பெரும் பணம் வீணாகும். கிரானைட்டைத் துளைத்தால் எண்ணெய் கிடைக்கும் என்றால் முதலில் ஓடுபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சில்யானில் ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேல் துளைத்தார்கள். கிடைத்தது கரிய, பிசுபிசுத்த சேறு. ஆழத்து நுண்ணுயிர்களின் கைவேலை என்றார் கோல்ட். துளையிடும்போது உள்ளே ஊற்றிய டீசலும் பிற பொருள்களும் கலந்தது என்றார்கள் மற்றவர்கள். அடுத்து இன்னொரு கிணறும் தோண்டினார்கள். அதிலும் விற்கத்தக்க அளவு எண்ணெயோ வாயுவோ வரவில்லை. அந்த வட்டாரத்தில் இயல்பாகக் கசியும் எண்ணெய், அங்குள்ள, சுமார் 45 கோடி ஆண்டுகள் பழமையான ஆர்டோவிசியன் காலக் களிப்பாறையிலிருந்து வந்தது என்று மூலக்கூறு ஒப்பீடு காட்டியது. இருந்தாலும் கோல்ட்மீது எனக்கு மரியாதை உண்டு. எங்கே தோண்ட வேண்டும், என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, தம் கொள்கையைத் துளைக்கருவியின் முன் வைத்தார்.

ஆழத்து நுண்ணுயிர்களைப் பற்றி 1992இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு நேர்ந்தது வேறு. பின்னாளில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்து விரிசல் நீரில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்க, அதில் வெளிவரும் ஹைட்ரஜனை நம்பி, சூரிய ஒளியின் தயவில்லாமல் அது அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது.