சுடாத கட்டி

பினாங்கு தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தொடையைத் தூக்கிக் கொடுப்பதில் பெரும்பங்கு சோவாஸ் என்ற தசைக்கு. இடுப்பு முதுகெலும்பின் இரு பக்கத்திலும் தொடங்கி, வயிற்றின் ஆழத்தில் இறங்கி, தொடை எலும்பில் போய் முடிகிறது.

போன தைப்பூசத்தில் என் மாமா பாதிப் படிகூட ஏறவில்லை. "இடுப்புல சுளுக்கு, நீங்க போங்க" என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டில் தைலம் போட்டு நீவி விட்டார்கள். கொஞ்ச நாளில் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். குடலிறக்கமாக இருக்கும் என்று நினைத்தோம். ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் அது காசநோய்.

டீபி என்றால் இருமல், சளி, நெஞ்சு எக்ஸ்ரே என்றே நம் ஆட்களுக்குப் பழக்கம். மாமாவுக்கு இருமலே இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் இப்படி இருப்பது சகஜம்.

தசையில் இந்தக் கிருமி தங்குவது அபூர்வம். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், லாக்டிக் அமிலமும் அதிகம், நிணநீர்த் திசு குறைவு. அதனால்தான் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் பிடித்த நெருப்பு நம் வீட்டுக்கும் வருமல்லவா? முதுகெலும்பை அரிக்கும் காசநோய் சீழாகி, சோவாஸ் தசையின் உறைக்குள்ளேயே வழிந்து இறங்கும். அப்படித்தான் முதுகில் பிறந்த நோய் தொடை இடுக்கில் வந்து எட்டிப் பார்க்கிறது. ரத்தத்தின் வழியாக நேரே தசைக்குப் போவதும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. மாமாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. நம் வீடுகளில் யாருக்குத்தான் இல்லை!

இந்தக் கட்டியை ஏமாற்றுக்காரன் என்பேன். சாதாரண சீழ்க்கட்டியின் கிருமி அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். உடம்பு பதறிப்போய்ப் படையை அனுப்பும். தோல் சிவக்கும், கொதிக்கும், வலியில் தூக்கம் வராது. காசநோய்க் கிருமி ஒருமுறை பெருகவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதனால் சூடும் இல்லை, சிவப்பும் இல்லை. குளிர்ந்த சீழ்க்கட்டி என்று மருத்துவத்தில் பெயரே உண்டு. சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, மாதக்கணக்கில் முதுகுவலி, காலை நீட்டிப் படுக்க முடியாமல் மடக்கியே வைத்திருப்பது: இவைதான் துப்பு. மாமாவின் கால்சட்டை தொளதொளத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சர்க்கரை என்று விட்டுவிட்டோம்.

அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் சீழ் எங்கே தொடங்கி எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஆனால் என்ன கிருமி என்று படம் சொல்லாது. ஊசியால் சீழை உறிஞ்சியோ, சிறு துண்டு தசையை வெட்டியோ சோதித்தால்தான் உறுதி.

அந்தத் துண்டு போகும் பாட்டில்தான் என்னை அசத்தியது. திசு அழுகாமல் இருக்க ஃபார்மலினில் போடுவார்கள். அதில் விழுந்த கிருமி செத்துவிடும். அப்புறம் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் எந்தத் தட்டிலும் வளராது. அதனால் ஒரு பங்கு ஃபார்மலினில், இன்னொரு பங்கு உப்புநீர் மட்டும் உள்ள சுத்தமான பாட்டிலில். இந்த இரண்டாவது பாட்டிலை மறந்தால் பாதிப் பதில் போய்விடும். டீபி சோதனை என்று சீட்டில் எழுதாவிட்டால் ஆய்வகமும் அதைத் தேடாது. வீட்டில் யாருக்காவது கட்டியை அறுக்கிறார்கள் என்றால் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், டீபிக்கும் அனுப்புறீங்களா?"

ஃபார்மலின் துண்டில், நடுவில் பாலாடைக்கட்டி போலச் செத்த திசுவும் சுற்றிலும் பாதுகாப்புச் செல்களின் வளையமும் தெரிந்தால் சந்தேகம் பலமாகும். சீழைக் கண்ணாடியில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி பறக்கச் சூடாக்கி, அமிலத்தால் கழுவுவார்கள். மற்றவை வெளுத்துவிடும். மெழுகுச் சுவர் கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் சாயத்தை விடாது. நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சியாக நிற்கும். ஆனால் ஒரு மில்லியில் 5,000 கிருமிகளாவது இருந்தால்தான் இப்படிக் கண்ணில் படும். ஜீன்எக்ஸ்பர்ட் கருவி அதைவிடக் குறைவானதையும் மரபணுவை வைத்துப் பிடித்துவிடும், இரண்டே மணி நேரத்தில். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்றும் சொல்லும். அப்படியும் 'இல்லை' என்று வந்தால் அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. வளர்த்துப் பார்க்க 6 முதல் 8 வாரம்வரை பொறுக்க வேண்டும்.

மாமாவுக்கு ஜீன்எக்ஸ்பர்ட்டிலேயே தெரிந்தது. சீழைக் குழாய் வைத்து வடித்தார்கள், மாத்திரை தொடங்கினார்கள். மறுநாளே அத்தை பதறிப்போய்ப் போன் செய்தார்: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதாம். அது ரிஃபாம்பிசினின் நிறம், மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி. ஐந்தாவது வாரம் ஆய்வகத் தட்டிலும் கிருமி வளர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குள் மாமா காலை நீட்டிப் படுக்கத் தொடங்கியிருந்தார்.