மருதமுனைத் தறியும் போன் திரையும்

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: "சேர், கோயில் திருவிழாவுக்கு போனிலேயே ஒரு பனர் டிசைன் செய்தேன். திரையில் கிளிப்பச்சை பளிச்சென்று இருந்தது. அச்சடித்து வந்ததும் வாடின இலை மாதிரி ஆகிவிட்டது. ஏன்? நிறங்களுக்கு நல்ல யோசனை எங்கே எடுக்கலாம்?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. திரை தானே ஒளியை விடுகிறது. மை அப்படியில்லை, வெள்ளை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அச்சில் பச்சை வேண்டுமென்றால் இளநீல மையும் மஞ்சள் மையும் சேர வேண்டும். இரண்டுமே, விழுங்கக் கூடாத பச்சையிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதனால் திரை காட்டும் கிளிப்பச்சையை சாதாரண அச்சு மையால் எட்ட முடியாது. கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், பஸ் ஏறி, கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனைக்குப் போங்கள் என்பதுதான். போகுமுன் ஒரு வேலை. போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். சின்னத் துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். உள்ளே குனிந்து பார்த்தால் வெள்ளையைக் காணோம். சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் மட்டும் மினுங்கும். மஞ்சள் படத்தின் மேல் தெளித்தாலும் சிவப்பும் பச்சையும்தான். மஞ்சள், நம் கண்ணில் பிறக்கிறது. கண்ணால் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். முகத்தில் இருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்த போனில் அது 0.09 மில்லிமீற்றர் அளவு. அதைவிட நெருங்கிய பொட்டுகள் கலந்து ஒரே நிறமாகிவிடும்.

இப்போது தறிக்கு வருவோம். மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடை வாசலில் நின்றபோது, உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு துணி மடித்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் அதில் காப்பிக்கொட்டை நிற நூல் ஒன்றுகூட இல்லை. நெடுக்கே ஓடும் பாவு சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நூல் 0.3 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், ஒரு மீற்றர் தள்ளி நின்றாலே கண் அதைப் பிரிக்கத் திணறும். வாசலில் இருந்து என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். துணியில் சேர்ந்தால் ஏன் மண்ணிறம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உண்மையான மஞ்சள் நூல், தன் மேல் விழும் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் முழுதாகத் திருப்பி அனுப்பும். நம் துணியிலோ பாதி இடம் சிவப்பை மட்டும் அனுப்புகிறது, மறுபாதி பச்சையை மட்டும். ஆக வந்து சேர்வது மஞ்சள்தான், ஆனால் பாதி வெளிச்சத்தில். பக்கத்தில் வெள்ளைத் துணியும் பளிச்சென்ற சாரன்களும் இருக்க, அந்த மங்கிய மஞ்சளைக் கண் மண்ணிறம் என்று சொல்கிறது. திரையில் இந்த நட்டம் தெரியாது. அங்கே வெள்ளையும் அதே மூன்று பொட்டுகளால் ஆனது. மஞ்சளில் நீலம் மட்டுமே அணைந்திருக்கிறது.

வானவில்லில் மண்ணிறம் இல்லாததற்கும் இதுவே காரணம். மண்ணிறம் என்று தனியாக ஒரு ஒளி கிடையாது. மங்கின மஞ்சளோ செம்மஞ்சளோ, தன்னைவிடப் பிரகாசமானவற்றின் நடுவே இருந்தால் அந்தப் பெயர் பெறுகிறது. போனில் மண்ணிறக் கட்டம் ஒன்றை வெள்ளைப் பின்னணியில் வரையுங்கள். பிறகு பின்னணியைக் கறுப்பாக்கி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அதே கட்டம் செம்மஞ்சளாக ஒளிரும். நான் பலமுறை செய்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருக்கிறது.

துணிக்கும் திரைக்கும் உள்ள உறவு பழையது. 1861இல் பௌதிகவியலாளர் மக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகள் வழியாக எடுக்கப்பட்ட படங்களை லண்டனில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிபாய்ச்சி நிறப்படம் காட்டினார். அந்தப் படங்களில் இருந்த பொருள், கட்டம் போட்டு நெய்த ஒரு ஸ்கொட்லாந்து நாடா.

ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் உயர்தரம் வந்ததும் சித்திரம் படிக்கிற பிள்ளை ஒரு பக்கம், பௌதிகவியல் படிக்கிற பிள்ளை இன்னொரு பக்கம் போய்விடுகிறார்கள். மருதமுனைக்குச் சற்றுத் தெற்கே, காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவரும் அவரே. அவர் பிறந்த மண்ணில் இந்த இரண்டு வகுப்புகளையும் மாதத்தில் ஒருநாள் ஒரு தறியின் முன்னால் உட்காரவைக்கலாம். பஸ் செலவுக்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதற்குக்கூட காசு ஒதுக்காமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் தங்கச்சி, அடுத்த பனருக்கு முன் கையளவு துண்டு ஒன்றை அச்சடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். பச்சை அப்போதும் சோர்ந்திருந்தால், மையை மாற்ற முடியாது, பக்கத்து நிறத்தை மாற்றலாம். பிரான்சில் ஒரு நெசவாலையின் சாயப் பகுதியைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் 1839இலேயே விளக்கி எழுதிய உத்தி அது: பச்சையை ஒட்டி ஒரு சிவப்புக் கரை போடுங்கள், பச்சை எழும்பி நிற்கும்.