நஞ்சுக்கொடி வரட்டும் என்று சுகர் காத்திருக்காது

போன வாரமும் ஒரு பெண். பல வருடமாக சுகர் மாத்திரை எடுப்பவர். 11-ஆவது வாரத்தில்தான் முதல்முறையாகக் காட்ட வருகிறார். எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. "ஏம்மா இவ்வளவு நாள் வரலை?" என்றால் பதில் மாமியாரிடமிருந்து வருகிறது. "மூணு மாசம் முடியட்டும்னு இருந்தோம் டாக்டர். கண்ணு பட்டுடும். இப்பதானே கொடி ஓடும், இனிமேதானே நம்ம சாப்பாடு பிள்ளைக்குப் போகும்?"

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி எங்கே போனாலும் இதே பேச்சுதான். கண் படுவதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம், டாக்டருக்குச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கொடிக் கதையை மட்டும் இனி பொறுக்க முடியாது.

கரு முதல் ஐந்தாறு நாள் கருக்குழாயிலும் கருப்பையிலும் மிதந்துகொண்டிருக்கிறது. கொடியும் இல்லை, நஞ்சும் இல்லை. அதற்காகப் பட்டினியா கிடக்கிறது? சுற்றியுள்ள திரவத்தில் இருக்கும் குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் எடுத்துத்தான் வளர்கிறது. அந்தத் திரவம் ஊறுவது தாயின் ரத்தத்திலிருந்து. உங்கள் சுகர் 15 மில்லிமோல் (ஏறக்குறைய 270 மில்லிகிராம்) என்றால், நீங்கள் கர்ப்பம் என்று உங்களுக்கே தெரியாத அந்த வாரத்திலேயே கருவுக்கு அது தெரிந்துவிடுகிறது.

தெரிவது என்று சும்மா சொல்லவில்லை. கருவின் செல்களுக்குள் தீனியை அளந்து பார்க்கும் புரதங்கள் இருக்கின்றன. எம்டார் என்பது அமினோ அமிலமும் இன்சுலினும் போதிய அளவு இருந்தால் 'வளர்' என்று உத்தரவு கொடுப்பது. ஏஎம்பிகே, ஆற்றல் குறைந்தால் 'நிறுத்து' என்பது. சர்க்கரை நோயுள்ள முயல்களின் கருவில் எம்டாரின் போக்கே மாறிவிடுகிறது. எலிகளில் இன்னும் விசித்திரம்: சுகர் மிஞ்சினால், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதத்தைக் கரு குறைத்துக்கொள்கிறது. வெளியே வெள்ளம், உள்ளே பஞ்சம். செல்கள் செத்துவிழுகின்றன. சில நாள் கழித்து நரம்புக்குழாய் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) உருவாகும்போது, அதிகச் சர்க்கரை ஏஎம்பிகே-யைத் தப்பான நேரத்தில் கிளப்பிவிட, பாக்ஸ்3 என்ற மரபணு அடங்கிப்போகிறது. அது வேலை செய்யாவிட்டால் குழாய் சரியாக மூடாது.

இதெல்லாம் விலங்குகளில் கண்டது. மனிதக் கருவை அப்படி வைத்துச் சோதிக்க முடியாது. ஆனால் எங்களிடம் வரும் குறைகள், முதுகுத்தண்டுப் பிளவும் இதயக் கோளாறும், இதோடு ஒத்துப்போகின்றன.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். கருத்தரித்து 22-ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28-ஆம் நாள் வாக்கில் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. அன்றைக்கு உங்களுக்கு மாதவிலக்கு இரண்டு வாரம்தான் தள்ளிப்போயிருக்கும். மூன்று மாதம் கழித்து வந்தால் நான் ஸ்கேனில் பார்க்கலாம், திருத்த முடியாது.

"அக்காவுக்கும் கர்ப்பத்துல சுகர், பிள்ளை நல்லாத்தானே இருக்கு?" அது 24-28 வாரத்தில் கண்டுபிடிக்கும் கர்ப்பகால சுகர். அதற்குள் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். அதன் தொல்லைகள் வேறு. உங்கள் கதையை அதோடு சேர்க்காதீர்கள். (பரிசோதிக்காமலே பழைய சுகரோடு இருந்துவிட்டு, கர்ப்பத்தில்தான் வந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. அது தனிக் கட்டுரை.)

பயப்பட வேண்டாம். சுகரோடு கர்ப்பமாகும் பெரும்பாலானோருக்கு நல்ல பிள்ளைதான் பிறக்கிறது. முன்கூட்டியே வந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வரும்வரை கருத்தடையை விடாதீர்கள். 10-க்கு மேல் என்றால் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். நரம்புக்குழாய் மூட உதவும் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், கருத்தரிக்கும் முன்பிருந்தே, டாக்டர் எழுதிக் கொடுத்து. இந்த நாட்டில் 2003 முதல் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் அதைச் சேர்க்கிறார்கள்; நம் வீட்டில் ஓடுவது சோறு, அதில் சேர்ப்பதில்லை. பிரஷருக்கு எனலாப்ரிலும் கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டினும் எடுத்தால் முன்னதாகவே மாற்ற வேண்டும், கேளுங்கள். மெட்ஃபார்மினையும் இன்சுலினையும் 'பிள்ளைக்கு ஆகாது' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், மருந்தின் நேரத்தை மாற்றித் தருவோம். கறி இல்லாத குறைக்குச் சோறும் உருளைக்கிழங்கும் கூல்ட்ரிங்கும் ஏறுவது எனக்குத் தெரியும்.

மாமியார்களே, மருமகளை மூன்று மாதம் ஒளித்துவைக்க வேண்டாம். அடுத்த முறை மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும்போதே சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்: "பிள்ளை பெத்துக்க நினைக்கிறேன்."