கை எட்டும் தூரத்து ஸ்பீக்கர்கள்

கணினி மேசையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பவரின் காதுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் இடையே பெரும்பாலும் 60 முதல் 80 சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். கூடத்தில் சோபாவில் சாய்ந்து கேட்பவருக்கோ அது இரண்டரை, மூன்று மீட்டர். கூடத்துக்கு ஏற்ற பெரிய ஸ்பீக்கரின் குட்டி வடிவம் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தால் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் தூரம் குறையும்போது ஒலியின் கணக்கே மாறிவிடுகிறது. குறைந்த செலவில் நல்ல ஒலியைக் கேட்க மேசையைப் போல வாய்ப்பான இடம் வீட்டில் வேறில்லை. அந்த ஒலியைக் கெடுப்பதிலும் அதே மேசைக்குத்தான் முதலிடம்.

முதலில் வாய்ப்பைப் பார்ப்போம். ஸ்பீக்கரிலிருந்து ஒலி நம்மை இரண்டு வழிகளில் வந்தடைகிறது. ஒன்று, நேராகக் காதுக்கு வருவது. மற்றொன்று, சுவர், கூரை, தரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பித் திரும்பி அறையை நிறைத்தபின் வருவது. நேரடி ஒலி தூரத்துக்கு ஏற்ப விரைவாகத் தேய்கிறது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறைகிறது. அறையில் சுழலும் ஒலியோ எங்கே அமர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இரண்டும் சமமாகும் தூரத்தை மாறுநிலைத் தூரம் என்பர். மூன்று மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட, டைல்ஸ் தரையும் சிமென்ட் பூச்சுச் சுவரும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஒலி அடங்க 0.8 வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஓரளவு முன்னோக்கி ஒலியைக் குவிக்கும் சாதாரண ஸ்பீக்கருக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். கூடத்தில் இருப்பவர் அறையைக் கேட்கிறார். மேசையில் இருப்பவர் ஸ்பீக்கரைக் கேட்கிறார். திரைச்சீலையும் கம்பளமும் இல்லாத நம் ஊர்க் கான்கிரீட் அறைகளில் இது சிறிய நன்மை அன்று.

இரண்டாவது நன்மை, திறன். 2.8 மீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபெல் மிச்சமாகிறது; அதாவது அதே சத்தத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு திறன் போதும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 85 டெசிபெல் தரும் ஸ்பீக்கர்கள் இரண்டு, 70 சென்டிமீட்டரில் சேர்ந்து 91 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்லே பாதுகாப்பான எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எல்லையில் கேட்கச் சராசரியாகப் பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. மிருதங்கத்தின் அடி போன்ற திடீர் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் எகிறினாலும் எட்டு, பத்து வாட்டில் அடங்கிவிடும். ஒரு காலத்தில் கணினி ஸ்பீக்கர் பெட்டிகளின் மீது ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட பி.எம்.பி.ஓ. (நொடிப்பொழுது உச்சத் திறன் என்று சொல்லப்பட்ட) வாட் எண்களுக்கு எந்தப் பொருளும் இருந்ததில்லை. இன்றும் மேசைக்கு ஸ்பீக்கர் வாங்குபவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் வாட்தான்.

அருகிலிருந்து கேட்பதற்கென்றே ஸ்பீக்கர் வடிவமைக்கும் எண்ணம் புதியது அன்று. பிபிசி, வெளிக்கள ஒலிபரப்பு வேன்களில் பணியாற்றும் பொறியாளர்களுக்காக 1970களின் முற்பாதியில் எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரை உருவாக்கியது. முப்பது சென்டிமீட்டர் உயரமே கொண்ட பெட்டி; தாழ்ந்த ஒலிகளுக்கும் நடு ஒலிகளுக்கும் ஐந்து அங்குல வூஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிகளுக்குச் சிறு ட்வீட்டர் ஒன்று. அறிவிப்பாளரின் குரல் இயல்பாகக் கேட்கிறதா என்பதே அதற்கு வைக்கப்பட்ட முதன்மையான தேர்வு. ஆழமான பேஸ் வராது, பலத்த சத்தமும் எழாது. ஆனால் குரல் குரலாக இருக்கும். எனக்கு இன்றும் சரியாகப் படும் முன்னுரிமை இதுதான். யமஹா 1978இல் வீட்டு உபயோகத்துக்காக வெளியிட்ட என்எஸ்-10, வீடுகளில் எடுபடாமல், ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒலிகளைக் கலக்கும் மேசையான மிக்ஸிங் கன்சோலின் மேல் இடம்பிடித்தது. அதன் வெள்ளைக் கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் 2001இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை உலகமெங்கும் அது அங்கேயே இருந்தது.

கன்சோலின் மேல் வைத்தவர்களும் மேசையின் மேல் வைப்பவர்களும் சந்திக்கும் சிக்கல் ஒன்றே. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு தட்டையான, கெட்டியான பரப்பு கிடக்கிறது. அறையின் எதிரொலிப்பை வென்றுவிட்டோம் என்று மகிழும்போது, எல்லாவற்றிலும் வலுவான எதிரொலிப்பு மூக்குக்குக் கீழேயே நிகழ்கிறது.

இதை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. மேசையில் நேரடியாக வைத்த ஸ்பீக்கரின் வூஃபர் மையம் மேசையிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேட்பவரின் காது 40 சென்டிமீட்டர் உயரத்தில், 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நேராக வரும் ஒலி 75 சென்டிமீட்டர் பயணிக்கிறது. மேசையில் பட்டு வரும் ஒலி 87 சென்டிமீட்டர். இந்த 12 சென்டிமீட்டர் வித்தியாசம் எந்த அதிர்வெண்ணின் அரை அலைநீளத்துக்குச் சமமோ, அந்த அதிர்வெண்ணில் இரண்டு ஒலிகளும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. இங்கே அது ஏறத்தாழ 1,450 ஹெர்ட்ஸ். மனிதக் குரலின் தெளிவும் வயலினின் தொனியும் குடியிருக்கும் பகுதி அது. எதிரொலித்த ஒலி மூன்றில் ஒரு மில்லி வினாடியே தாமதிப்பதால் காது அதைத் தனி எதிரொலியாக உணர்வதில்லை; குரலின் நிறம் மாறியதாக மட்டுமே உணர்கிறது. அதனால்தான் பலர் தங்கள் ஸ்பீக்கரில் 'குரல் சற்று உள்வாங்குகிறது' என்று சொல்லிவிட்டு வேறு ஸ்பீக்கர் தேடுகிறார்கள். புதியது வந்து அதே இடத்தில் அமர்ந்தால் அந்த அதிர்வெண்ணில் ஒலி அழிந்து விழும் குழியும் அதே இடத்தில்தான் இருக்கும்.

இப்போது அதே ஸ்பீக்கரை 18 சென்டிமீட்டர் உயர்த்தி வூஃபர் மையத்தை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருவோம். பாதை வித்தியாசம் 28 சென்டிமீட்டராகிறது. எதிரொலிப்பு கூடுதல் தூரம் சுற்றி வருவதால் வலுவிழக்கிறது. மேசை முழுமையாக எதிரொலிக்கிறது என்றும் ஸ்பீக்கர் எல்லாத் திசையிலும் சமமாக ஒலிக்கிறது என்றும் கொண்டாலும், முன்பு 17 டெசிபெல் ஆழமாக இருந்த குழி 11 ஆகச் சுருங்கி, 600 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்கிறது. இதைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று. ஒலி மேசையில் படும் புள்ளி, முன்பு ஸ்பீக்கருக்கு 16 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. இப்போது 30 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போய்விட்டது. ஸ்பீக்கரைச் சற்று முன்னே இழுத்து, அதற்கு முன்னால் மேசை 30 சென்டிமீட்டருக்குள் முடியும்படி வைத்து, நாற்காலியையும் அதே அளவு பின்னால் நகர்த்திவிட்டால், ஒலி பட்டுத் திரும்ப அங்கே மேசையே இல்லை.

இதைக் கண்ணால் சரிபார்க்கலாம். மேசையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து, கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தச் செய்யுங்கள். எந்த இடத்தில் வூஃபரின் பிம்பம் தெரிகிறதோ, ஒலி பட்டுத் திரும்பும் இடம் அதுவே. என் மேசையில் ஸ்பீக்கர்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கற்களைத் துணி சுற்றி அடுக்கி, முன்னே இழுத்து வைத்தபோது பிம்பம் கண்ணாடியைவிட்டே போயிற்று. அன்று மாலை கேட்ட பேச்சுப் பதிவில் 'ல', 'ழ', 'ள' மூன்றும் தனித்தனியே நின்றன. அந்த இடத்தில் மவுஸ் பேடோ துண்டோ விரிப்பதால் பயனில்லை. 1,450 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 24 சென்டிமீட்டர், அதை உறிஞ்ச ஆறு சென்டிமீட்டர் தடிமனாவது வேண்டும்.

மேசை குழியை மட்டும் தோண்டுவதில்லை, மேட்டையும் எழுப்புகிறது. அலைநீளம் பெரிதாக இருக்கும் 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நேரடி ஒலியும் மேசை ஒலியும் கைகோத்துக்கொள்வதால் ஆண் குரல் கனத்து, பானைக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. பின்சுவர் நெருங்கினால் இந்தக் கனம் இன்னும் கூடும். ஃபின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் தன் சிறிய மானிட்டர்களின் (ஒலிப்பதிவுப் பணிக்கான ஸ்பீக்கர்களின்) பின்புறம், 200 ஹெர்ட்ஸ் அருகே 4 டெசிபெல் குறைக்கும் சுவிட்ச் ஒன்றை மேசைக்கென்றே வைத்திருக்கிறது. அதன் விலை பலருக்கு எட்டாது. ஆனால் 2018இல் வந்த, காலி (Kali) நிறுவனத்தின் எல்பி-6 போன்ற மலிவான மானிட்டர்களிலும் மேசை, சுவர் என இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சுவிட்சுகள் உள்ளன. வாங்கும்போது புளூடூத் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சரி, எந்த அளவு ஸ்பீக்கர்? பெரும்பாலான மலிவு ஸ்பீக்கர்களில் வூஃபரும் ட்வீட்டரும் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக அமைந்து, 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய, கிராஸ்ஓவர் எனப்படும் எல்லை அதிர்வெண்ணில் பொறுப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்த இடத்தில் இரண்டும் ஒரே ஒலியைச் சேர்ந்து எழுப்புவதால், இரண்டின் தூரமும் காதுக்குச் சரியாக அமைய வேண்டும். 70 சென்டிமீட்டரில் அமர்ந்து தலையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் இந்தத் தூர வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மாறுகிறது. 2,000 ஹெர்ட்ஸில் அது அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கு. அதே அசைவு 2.8 மீட்டரில் அதன் கால்பங்கு விளைவைத்தான் தரும். ஆகவே பெட்டி பெரிதாகி இடைவெளி கூடக்கூட, அருகிலிருப்பவருக்கு இரண்டும் ஒட்டாமல் பிரிந்து கேட்கும். எட்டு அங்குல வூஃபர் மேசைக்கு ஆகாது. மூன்றரை முதல் ஐந்து அங்குலம் வரை போதும். ட்வீட்டர் காதை நோக்கும்படி ஸ்பீக்கரைச் சற்று அண்ணாந்து வைக்க வேண்டும். இடம் மிச்சம் என்று பெட்டியைப் படுக்கவைத்தால், உயரவாட்டில் இருந்த இந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்து, தலையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போதெல்லாம் தொனி மாறும். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரைப் பொருத்தும் கோஆக்சியல் வகையில் இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் நிறுவனங்களான டானாய் 1947இலும் கெஃப் 1988இலும் கொண்டுவந்த இந்த அமைப்பு, இப்போது சிறிய, விலை குறைந்த மானிட்டர்கள் சிலவற்றிலும் கிடைக்கிறது.

விலைக்கும் தரத்துக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்தியதில் கனடாவின் ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒட்டாவாவில் தேசிய ஆய்வு மன்றத்தில் பணியாற்றியபோது, எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து, கேட்பவர்களை மதிப்பெண் போடச் செய்தார். பெரும்பாலோர் விரும்பியது, நேர் எதிரே ஏற்ற இறக்கமின்றி ஒலித்து, பக்கவாட்டுத் திசைகளிலும் அதே சாயலோடு சீராகக் குறைந்துகொண்டே போகும் ஸ்பீக்கர்களைத்தான். அந்த வழியில் உருவான 2013ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலை, கிடைமட்டத்திலும் செங்குத்திலும் பத்துப் பத்து பாகையாகச் சுற்றி 70 அளவீடுகள் எடுக்கச் சொல்கிறது. அதே ஆண்டு வந்த ஜேபிஎல் எல்எஸ்ஆர்305, ட்வீட்டரைச் சுற்றி வேவ்கைடு எனப்படும் கிண்ணம் போன்ற குழிவை அமைத்து, ட்வீட்டரின் பரவலை வூஃபரின் பரவலோடு பொருந்தச் செய்தது. அந்தக் குழிவு அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஒருமுறை சரியாகக் கணக்கிட்டுவிட்டால் பிறகு பிரதி எடுக்கச் செலவு மிகக் குறைவு. மரப் பலகையின் மெருகுக்கும் தங்க முலாம் பூசிய முனைகளுக்கும் கொடுக்கும் பணத்தைவிட, இந்தக் குழிவுக்குக் கொடுக்கும் பணமே காதில் கேட்கும்.

சிறிய ஸ்பீக்கரால் முடியாததும் உண்டு. ஒரே சத்தத்தில் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். நான்கு அங்குல வூஃபரால் அதன் அடிப்படை ஒலியைப் போதிய வலுவோடு எழுப்ப இயலாது, அதன் மடங்கு அதிர்வெண்களில் எழும் மேலிசையங்களைக் கொண்டு மூளைதான் நிரப்பிக்கொள்கிறது. மெல்லக் கேட்கும்போது நம் காதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டினார்கள். ஆயினும் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர் சேர்க்க நான் அவசரப்பட மாட்டேன். மூன்றரை மீட்டர் நீள அறை 50 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும்; அங்கே அருகில் அமர்வதன் நன்மை செல்லாது, அறையே ஆட்சி செய்யும்.

அருகாமையில் வெளிப்படும் இன்னொரு குறை, சீறல். ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கர்கள், பாட்டு ஓடாதபோதும் ட்வீட்டரில் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலியை எழுப்பக்கூடும். கடையின் இரைச்சலில் அது தெரியாது. நான் வாங்கிய முதல் ஜோடியில், இரவு மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் அதைக் கேட்டேன். திருப்பிக் கொடுக்கும் நாள் அதற்குள் கடந்திருந்தது. கணினியோடு இணைக்கும்போது எழும் உறுமலோ வேறு வகை. பெரும்பாலும் கணினியும் ஸ்பீக்கரும் இரு வழிகளில் எர்த் ஆவதால் வருவது. இரைச்சல் நீங்கும்படி ஒலிக்குறியை இரு கம்பிகளில் அனுப்பும் பேலன்ஸ்டு இணைப்புள்ள ஸ்பீக்கரும், கணினியின் ஒலியை அதற்கேற்ப வெளியே தரும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் போட வேண்டியது இசை அன்று. ஒற்றைக் குரலில் பேசும், இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பதிவு ஒன்று. இரண்டு ஸ்பீக்கர்களும் காதும் சமபக்க முக்கோணமாக அமைந்திருந்தால் அந்தக் குரல் திரையின் நடுவில், ஒரு முகத்தின் அகலத்தில் நிற்கும். அது பக்கவாட்டில் அகன்றோ ஒரு பக்கம் ஒதுங்கியோ கேட்டால் ஸ்பீக்கர்களை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தித் திருத்துங்கள். பிறகு மெல்ல எழுந்து நில்லுங்கள். தலை உயர உயரக் குரலின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று கேளுங்கள். கொஞ்சமே மாறினால் அந்த ஜோடியை வைத்துக்கொள்ளலாம்.