விளையாட்டு அறிவியல் படிப்பவர் ஊக்கமருந்து விதிக்குள் வருவது எப்போது?

விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இறுதியாண்டு ஆய்வு என்றால் காஃபீன் ஒரு பழகிய தலைப்பு. எளிதில் கிடைக்கிறது, விளைவு ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடுகிறது, வகுப்புத் தோழர்களே சோதனைக்கு உட்காரச் சம்மதிக்கிறார்கள். அந்தத் தோழர்களில் ஒருவர் பல்கலைக்கழக அணிக்காக ஓடுகிறவராக இருந்தால்? ஆய்வுக்கென்று வாங்கிய மாத்திரையில் காஃபீனோடு வேறொன்றும் கலந்திருந்தால்? அப்போது விசாரணை ஓடியவரோடு நிற்காது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் யார் என்றும் கேட்பார்கள்.

ஊக்கமருந்துத் தடுப்பு விதி என்றதும் வீரரும் அவருடைய சிறுநீர்க் குப்பியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில், உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பின் 2021 பதிப்பு 11 வகையான மீறல்களை வரையறுக்கிறது. அவற்றில் நான்கு மட்டுமே வீரருக்கே உரியவை: உடலில் தடைப் பொருள் இருப்பது, அதைப் பயன்படுத்துவது, மாதிரி கொடுக்காமல் தப்புவது, இருப்பிடத் தகவல் தராமல் விடுவது. மீதி ஏழும் வீரரைச் சுற்றி நிற்பவர்கள் மீதும் பாயக்கூடியவை. இந்தப் படிப்பை முடித்து வெளியே வருகிறவர்கள் நிற்கப்போவது அந்தச் சுற்றில்தான்.

இந்த விதி பிறந்த கதையே அப்படிப்பட்டது. 1998 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்குச் சற்று முன்பு, ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் ஓட்டிவந்த காரைப் பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லையில் நிறுத்திச் சோதித்தார்கள். கார் நிறைய, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் எரித்ரோபொயட்டின், வளர்ச்சி ஹார்மோன் போன்ற மருந்துகள். பிடிபட்டவர் சைக்கிள் ஓட்டுபவர் அல்லர். வீரர்களின் உடலைப் பிடித்துவிட்டு, வேண்டியதை எடுத்துக் கொடுத்து வந்தவர். அந்த ஊழலின் தொடர்ச்சியாகத்தான் 1999 நவம்பர் 10 அன்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் 'வாடா' என்று எழுதும்போதெல்லாம் யாரையோ உரிமையோடு கூப்பிடுவது போலிருக்கும். இங்கே முகமை என்றே சொல்லிக்கொள்வோம்.

முகமை ஒரு தனியார் அமைப்புதானே, அதன் விதி எப்படி எல்லா நாட்டிலும் செல்லுபடியாகிறது? இதற்கு இரண்டு அடுக்குகள் உண்டு. விதித்தொகுப்பு 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதை ஒலிம்பிக் அமைப்புகளும் ஒவ்வொரு விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பும் ஏற்றுக் கையெழுத்திட்டுள்ளன. அரசுகள் தனியார் ஆவணத்தில் கையெழுத்திட முடியாது என்பதால், யுனெஸ்கோ 2005 அக்டோபரில் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2007 பிப்ரவரி 1 முதல் அமலில் உள்ளது. உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. முகமையின் செலவில் பாதியை அரசுகளும் மறுபாதியை ஒலிம்பிக் இயக்கமும் ஏற்கின்றன. ஆக, எந்த நாட்டில் படித்தாலும் தடைப் பட்டியல் ஒன்றே. தண்டனை அளவும் ஏறக்குறைய ஒன்றே. நடைமுறைப்படுத்தும் தேசிய அமைப்பின் பெயர்தான் மாறும்.

யார் 'உதவிப் பணியாளர்'?

பயிற்சியாளர், மேலாளர், மருத்துவர், துணை மருத்துவப் பணியாளர், பெற்றோர் என்று விதித்தொகுப்பு ஒரு நீண்ட வரிசையைச் சொல்லிவிட்டு, போட்டிக்குத் தயாராகும் வீரரோடு பணிபுரியும், அவருக்குச் சிகிச்சை அளிக்கும் அல்லது உதவும் வேறு எவரையும் அதில் சேர்க்கிறது. சம்பளம் வாங்க வேண்டும் என்றோ பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. அணியோடு களப்பயிற்சிக்குச் சென்று, வீரர்களின் வியர்வை இழப்பை எடைபோட்டு, பானம் கலந்து கொடுக்கும் இரண்டாமாண்டு மாணவரும் அதற்குள் அடங்கிவிடுவார். களப்பயிற்சி ஒப்பந்தத்திலோ அடையாள அட்டைப் படிவத்திலோ கையெழுத்திடும்போது இந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒரு வரி இருக்கக்கூடும். படிக்காமல் கையெழுத்திடுவதுதான் நம் வழக்கம். இந்த ஒரு முறையாவது படியுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் மட்டும் வேலை செய்கிறவரின் நிலை சற்று வேறு. அணியோடோ கூட்டமைப்போடோ உறுப்பினர், ஒப்பந்தம், அனுமதி அட்டை என எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் அவர் மீது விதி நேரடியாகப் பாயுமா என்று வாதிட இடமுண்டு. ஆனால் அவர் முன்னால் டிரெட்மில்லில் ஓடும் வீரருக்கு அந்த வாதம் உதவாது. வீரர் மீதானது முழுப் பொறுப்பு: எப்படி வந்தது, யார் கொடுத்தது, தெரிந்து நடந்ததா என்பவையெல்லாம் தண்டனையின் அளவை மாற்றலாமே தவிர, உடலில் பொருள் இருந்தது என்றாலே மீறல் மீறல்தான்.

பணியாளர் மீது பாயும் ஏழில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, தடைப் பொருளை அளித்தல். 'அளித்தல்' என்றால் ஊசி போடுவது என்று மட்டும் நினைக்கிறோம். விதித்தொகுப்பின் வரையறையில் கொடுப்பது, மேற்பார்வை செய்வது, வசதி செய்து தருவது, எந்த வகையிலேனும் பங்கேற்பது எல்லாம் அடக்கம். இதற்கும், மருந்துக் கடத்தலுக்கும் குறைந்தது நான்காண்டுத் தடை. அதிகபட்சம் ஆயுள் தடை. உடந்தையாக இருத்தலுக்கு இரண்டாண்டில் தொடங்கி அதுவும் ஆயுள் வரை போகிறது. வீரர் ஒருவர் சாதாரண மீறலுக்குப் பெறும் தண்டனை இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், விதி யாரிடம் அதிகக் கடுமை காட்டுகிறது என்பது விளங்கும். எனக்கு அது சரியாகவே படுகிறது. இருபது வயது வீரரைவிட, உடலியங்கியல் படித்துவிட்டு அவருக்கு ஆலோசனை சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது அதிகம்.

வைத்திருத்தலும் ஒரு மீறல். வீரர், போட்டி, பயிற்சி ஆகியவற்றோடு தொடர்புள்ள சூழலில் தடைப் பொருளை நியாயமான காரணமின்றி உதவிப் பணியாளர் வைத்திருக்கக் கூடாது. இன்னொன்று, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மாணவர்களுக்கானது. உதவிப் பணியாளர் தாமே தக்க காரணமின்றித் தடைப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தொகுப்பு கடமைகளின் பட்டியலில் சொல்கிறது. தசையைப் பெருக்கத் தாம் போடும் ஊசி தம் சொந்த விஷயம் என்று அணியோடு பணியாற்றும் ஒருவர் சொல்லிக்கொள்ள முடியாது. விளையாட்டு அமைப்பு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

பட்டியலை எப்படிப் படிப்பது?

ஒரு பொருள் பட்டியலில் ஏற, மூன்று அளவுகோல்களில் ஏதேனும் இரண்டு பொருந்தினால் போதும்: திறனைக் கூட்டும் வாய்ப்பு, உடல்நலத்துக்கு ஆபத்து, விளையாட்டின் உணர்வுக்கு முரண். மூன்றாவது அளவுகோல் தத்துவ வகுப்பில் ஒரு பருவம் முழுக்க விவாதிக்கத் தக்கது. மற்றப் பொருள்களை மறைக்கப் பயன்படுபவை தனியாகவே சேர்க்கப்படும்.

பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. போன ஆண்டு பாடக்குறிப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா சாட்சி. இதய நோய்க்கான மருந்தாகிய மெல்டோனியம் 2016 ஜனவரி 1 அன்று பட்டியலில் ஏறியது. அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனில் எடுத்த மாதிரியில் அவர் சிக்கினார். பல ஆண்டுகளாக எடுத்துவந்த மருந்துதான். முதலில் இரண்டாண்டுத் தடை. மேல்முறையீட்டில் 15 மாதங்களாகக் குறைந்தது. அவருடைய உதவிக் குழுவில் ஒருவராவது புதிய பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

சில பொருள்களுக்கு எப்போதும் தடை, சிலவற்றுக்குப் போட்டிக் காலத்தில் மட்டும். பொதுவாகப் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59க்குப் போட்டிக் காலம் தொடங்குகிறது. வலி நிவாரணியான டிராமடால் 2024 முதல் போட்டிக் காலத்தில் தடைக்குள் வந்துவிட்டது. பீட்டா பிளாக்கர் மருந்துகள் நடுக்கத்தைக் குறைப்பதால் வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்ற சில விளையாட்டுகளில் மட்டும் தடை. காஃபீன் 2004இல் பட்டியலிலிருந்து இறங்கியது. இப்போது கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி வரும் கிரியாட்டின், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. பொருளுக்குத் தடை இல்லை என்பது புட்டிக்கு உத்தரவாதம் அல்ல. துணை உணவுகளில் லேபிளில் சொல்லாத பொருள் கலந்திருப்பது புதிதல்ல. சுயேச்சையான ஆய்வகம் தொகுதிவாரியாகச் சோதித்ததையே வாங்க வேண்டும் என்பது அதனால்தான். அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது.

மாணவர்கள் அதிகம் கோட்டைவிடுவது பொருள்களில் அல்ல, முறைகளில். 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது, உள்ளே போவது வெறும் உப்புநீராக இருந்தாலும், தடைசெய்யப்பட்டது. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, மருத்துவ நோயறிதல் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. நீரிழப்பு பற்றிய ஆய்வில் 'குடித்தால் என்ன, ஏற்றினால் என்ன' என்று ஒப்பிட நினைக்கும் மாணவர் வீரர்களை வைத்து அதைச் செய்ய முடியாது. எடுத்த ரத்தத்தைத் திரும்ப உடலில் ஏற்றுவதற்கும், எவ்வளவு குறைவாக இருந்தாலும், தடை. கார்பன் மோனாக்சைடு இன்னும் நுட்பமானது. உடலிலுள்ள மொத்த ஹீமோகுளோபினை அளக்க அந்த வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்வது ஆய்வுக்கூடங்களில் பழக்கமான முறை. அளப்பதற்கு அது இன்றும் அனுமதிக்கப்பட்டதே. அதையே திறன் கூட்டும் நோக்கில் திரும்பத் திரும்பச் சுவாசிப்பது 2026 பட்டியலில் தடையாகிவிட்டது. கருவி ஒன்று, வாயு ஒன்று. எதற்காக என்பதுதான் வேறு. ஆகவே நோக்கம் ஆய்வுத் திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மலை உயரத்தின் காற்றைச் செயற்கையாக உண்டாக்கும் கூடாரங்களுக்கோ தடை இல்லை. 2006இல் அதைப் பரிசீலித்துவிட்டு முகமை பட்டியலில் சேர்க்காமல் விட்டது.

தடைப் பொருளைப் பற்றி ஆராயவே கூடாதா என்றால், கூடும். விதித்தொகுப்பின் ஆய்வு பற்றிய பிரிவு சொல்வது, அப்படிப்பட்ட பொருளையோ முறையையோ வீரர்களுக்கு அளிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதே. போட்டிகளில் இல்லாத தன்னார்வலர்களை வைத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வழி இருக்கிறது. இளநிலை மாணவருக்கு அந்த வழி திறப்பது அரிது.

வீரருக்கு உண்மையாகவே நோய் இருந்தால்?

அதற்கு மருத்துவப் பயன்பாட்டு விலக்கு என்று ஒன்று இருக்கிறது. இது சலுகை அல்ல, உரிமை. சர்க்கரை நோயாளியான வீரர் இன்சுலின் போட இதைப் பெற வேண்டும். நோய் உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், மருந்து இயல்பான உடல்நிலைக்குத் திரும்புவதைத் தாண்டித் திறனைக் கூட்டக் கூடாது, தடையில்லாத மாற்று மருந்து இருக்கக் கூடாது, முன்பு ஊக்கமருந்து எடுத்ததன் விளைவாக அந்தத் தேவை வந்திருக்கக் கூடாது. தேசிய அளவு வீரர் தம் நாட்டின் அமைப்பிடமும், சர்வதேச வீரர் தம் கூட்டமைப்பிடமும் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் தேவையில்லை. ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமாலை உறிஞ்சும் கருவி வழியாக 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல், விலக்கின்றி எடுக்கலாம். மாத்திரையாக விழுங்க அனுமதி இல்லை. மூச்சுத்திறன் சோதனைக்கு முன் நிறுத்திய மருந்தை, சோதனை முடிந்ததும் 'இன்னும் இரண்டு முறை இழுத்துக்கொள்' என்று ஆய்வுக்கூடத்தில் சொல்பவர் இந்த எண்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்கப்படுவோர் பட்டியலில் பதிவான வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் அது தனி மீறல். உங்கள் சோதனைக்காக அதிகாலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லும்போது, அந்த நேரம் அவர் பதிவுசெய்த நேரத்தோடு மோதுகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் மறந்திருக்கலாம்.

இதையெல்லாம் கற்க முகமை 'அடெல்' என்ற இணையக் கல்வித் தளத்தை இலவசமாகவே நடத்துகிறது. பயிற்சியாளர், மருத்துவப் பணியாளர் என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு. தவறு நடப்பதைப் பார்த்தவர் அடையாளம் வெளியே தெரியாமல் சொல்ல 'ஸ்பீக் அப்' என்ற தளம் 2017 முதல் இருக்கிறது. சொன்னவரை மிரட்டினாலோ பழிவாங்கினாலோ அதுவே 11ஆவது மீறல். பேராசிரியரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தாலும் இந்தப் பாதுகாப்பு மாறாது. விதித்தொகுப்பின் அடுத்த பதிப்பு 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. இப்போது முதலாண்டில் இருப்பவர் களப்பயிற்சிக்குப் போகும்போது அதைத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

அதுவரை, ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'நீங்கள் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்படும் போட்டிகளில் பங்கேற்கிறீர்களா?' ஆம் என்று எழுதியவருக்கு எதைக் கொடுத்தாலும் அதன் தொகுதி எண்ணைக் குறித்துவையுங்கள், அதே தொகுதியிலிருந்து திறக்காத புட்டி ஒன்றை எடுத்துவையுங்கள். பின்னால் எப்போதேனும் அவர் மாதிரியில் ஏதாவது தென்பட்டால், கலப்படம் எங்கிருந்து வந்தது என்று காட்ட அவரிடம் இருக்கப்போவது அந்தப் புட்டி ஒன்றுதான்.