10 வருடம் வேலை பார்த்தது யார்?

ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘ஹேவிங் வொர்க்டு இன் அக்கவுண்ட்ஸ் ஃபார் டென் இயர்ஸ், யுவர் கம்பெனி வில் பெனிஃபிட் ஃப்ரம் மை ஸ்கில்ஸ்.’ எழுதியவர் சொல்ல வந்தது நமக்குப் புரிகிறது. வாக்கியம் சொல்வதோ வேறு: கணக்குப் பிரிவில் 10 வருடம் உழைத்தது அந்தக் கம்பெனி!

‘ஹேவிங் வொர்க்டு’ என்று தொடங்கும் துண்டுக்குப் பார்ட்டிசிபியல் ஃப்ரேஸ் என்று பெயர். பிறப்பால் வினை, பார்ப்பது பெயரடையின் வேலை. சொந்தமாக எழுவாய் கிடையாது. அது வாக்கியத்தின் தலையில் நின்றால், கமாவைத் தாண்டி வரும் எழுவாயைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். அதனால் கமாவுக்கு அப்புறம் ‘ஐ’ வந்தாக வேண்டும்: ‘ஐ கேன் ஹேண்டில் யுவர் ஆடிட் வொர்க்.’ திருத்தம் அவ்வளவுதான்.

இந்த விதி நமக்கு ஒன்றும் புதிதல்ல. ‘சாப்பிட்டுத் தூங்கினான்’ என்றால் சாப்பிட்டவனும் தூங்கியவனும் ஒரே ஆள். ‘சாப்பிட்டு’ போன்ற ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலை, அதாவது அந்தச் செயலைச் செய்தவரையே, கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தமிழ் கொஞ்சம் தாராளம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோம். பெய்தது ஒன்று, நிறைந்தது வேறு, யாரும் சண்டைக்கு வருவதில்லை. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பதை ‘ஞாயிறு பட வந்தான்’, அதாவது சூரியன் மறைய அவன் வந்தான் என்று பொருள் கொண்டு இலக்கணக்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சலுகையை ஆங்கிலத்திலும் எதிர்பார்த்துத்தான் நாம் சறுக்குகிறோம் என்பது என் ஊகம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சறுக்குகிறார்கள், அது தனிக்கதை.

‘வித்’, ‘இன்’ போன்ற ப்ரெபொசிஷனில் தொடங்கும் துண்டுக்கு ப்ரெபொசிஷனல் ஃப்ரேஸ் என்று பெயர். அது தரும் தொல்லை வேறு மாதிரி. அது எதோடு ஒட்டுகிறது என்பதில்தான் குழப்பம். ‘வீ டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம் வித் தி மேனேஜர்.’ பிரச்சினையை மேனேஜரோடு பேசினார்களா, மேனேஜரே பிரச்சினையா? தமிழில் ‘மேனேஜரோடு பேசினோம்’, ‘மேனேஜரிடம் உள்ள பிரச்சினை’ என்று உருபும் ‘உள்ள’வும் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ஒரே ‘வித்’ இரண்டுக்கும் நிற்கிறது. அந்த மேனேஜருக்கே போகவிருந்த மின்னஞ்சலில் இந்த வரியைப் பார்த்து, ‘வீ மெட் தி மேனேஜர் அண்ட் டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம்’ என்று மாற்றிக் கொடுத்தேன்.

சரி, ‘-இங்’ கண்ட இடமெல்லாம் தப்பு என்று கிளம்பிவிடாதீர்கள். ‘ரிகார்டிங் யுவர் லெட்டர், தி பேமெண்ட் ஹேஸ் பீன் மேட்’ என்பதில் பிழை இல்லை. ‘ரிகார்டிங்’, ‘கன்சிடரிங்’ போன்றவை வினைத்தன்மை தேய்ந்து ப்ரெபொசிஷனாகவே ஆகிவிட்டவை. நம் ‘குறித்து’, ‘பற்றி’ இரண்டும் வந்த வழி அதுதான். ‘உங்கள் கடிதம் குறித்து’ என்றால் குறித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. நானே போன மாதம் ஒரு ‘ரிகார்டிங்’கைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, அப்புறம் அசடு வழிய அழித்தேன்.